நேட்டாலுக்குப் போன அண்ணன் வம்சத்தை எச்சில் காட்டிக் கொடுக்குமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். போளூர்ப் பக்கத்துக் குடும்பம். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் முனுசாமி 1890-களில் மதராஸில் கப்பலேறி, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டத்துக்குக் கூலி ஒப்பந்தத்தில் போனார். ஒரு கடிதம் வந்ததாகப் பேச்சு. இப்போது அதுவும் கையில் இல்லை. "டி.என்.ஏ. கிட் வாங்கி எச்சில் துப்பி அனுப்பினால் அவர் வழி வந்தவர்கள் கிடைப்பார்களா? எந்தக் கம்பெனி கிட் நல்லது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கம்பெனி எது என்பது மூன்றாவது கேள்வி. யாருடைய எச்சில் என்பது முதல் கேள்வி. எச்சிலுக்கு முன்னால் எந்தக் காகிதத்தைத் தேட வேண்டும் என்பது இரண்டாவது. கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் அல்ல.

முதலில் யாருடைய எச்சில் என்பது. அப்பா, அம்மா இரு பக்கத்திலிருந்தும் வரும் பொதுவான டி.என்.ஏ. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகிறது. எந்தப் பாதி போகும் என்பது குலுக்கல்தான். கம்பெனி ஒருவருடைய டி.என்.ஏ.வைத் தன்னிடம் சோதித்த மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டு, ஒரே துண்டுகள் உள்ளவர்களைப் பட்டியலாகத் தரும்; அதைத்தான் பொருத்தம் என்கிறோம். இரண்டு பேர் எவ்வளவு பகிர்கிறார்கள் என்பதை சென்டிமார்கன் என்ற அலகில் சொல்வார்கள். அப்பா–பிள்ளைக்குள் சுமார் 3,400-க்கு மேல் வரும். அண்ணன் தம்பி மக்களுக்குள் சராசரி 866. தாத்தாக்கள் உடன்பிறந்தவர்களாக இருந்தால் சராசரி 229. உண்மையில் பதிவான எல்லை 41 முதல் 592 வரை. கொள்ளுத்தாத்தாக்கள் உடன்பிறந்தவர்கள் என்றால் சராசரி 73, ஆனால் எல்லை பூஜ்யத்திலிருந்து 234 வரை. அந்தப் பூஜ்யத்தைக் கவனியுங்கள். உறவு நூற்றுக்கு நூறு உண்மையாக இருந்தும், இந்தத் தூரத்தில் சுமார் பத்துக்கு ஒரு ஜோடி ஒருவரோடு ஒருவர் பொருந்தவே மாட்டார்கள். இன்னும் ஒரு தலைமுறை தள்ளிப் போனால் ஏறக்குறைய பாதிப் பேர் பொருந்த மாட்டார்கள். உங்கள் தலைமுறையில் நீங்களும், நேட்டாலின் துறைமுக நகரான டர்பனில் உள்ளவரும் இந்த 73 கணக்கில் வருகிறீர்கள். உங்கள் அப்பாவுக்கு முனுசாமி தாத்தாவின் அண்ணன். முனுசாமியின் பேரன் யாராவது இருந்தால் அவருக்கும் உங்கள் அப்பாவுக்கும் இடையில் 229 கணக்கு. அந்த இடத்தில் பூஜ்யம் வராது. அங்கே சோதித்திருப்பவர் பேரனாக இல்லாமல் கொள்ளுப்பேரனாக இருந்தாலும் உங்கள் அப்பாவோடு சராசரி 122 வரும், உங்களோடு 73.

எனவே அப்பாவுக்கு 78 வயது என்று எழுதியிருக்கிறீர்களே, கிட்டை அவருக்கு வாங்குங்கள். உங்களுக்கு வேண்டாம், அவரிடம் இல்லாத எதுவும் அந்த வழியில் உங்களிடம் இருக்காது. காசு மிஞ்சினால் இரண்டாவது கிட்டை அப்பாவின் தங்கைக்கு, உங்கள் அத்தைக்கு வாங்குங்கள். உடன்பிறந்த இருவர் ஒரே பாதியை வாங்கி வருவதில்லை. ஒருவரிடம் தாத்தாவின் டி.என்.ஏ.வில் பாதி இருந்தால், இருவரிடமும் சேர்த்து முக்கால் பங்கு கிடைக்கும். அப்பாவிடம் தொலைந்த துண்டு அத்தையிடம் இருக்கலாம். மூன்றாவது கிட் அப்பாவின் அம்மா வழி உறவு ஒருவருக்கு. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது நம்மவர்களுக்கே உரிய சிக்கல். மேலே சொன்ன சராசரிகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கக் குடும்பங்கள் கொடுத்த எண்களிலிருந்து வந்தவை. அங்கே மாமன் மகளைக் கட்டும் வழக்கம் இல்லை. நம் பக்கத்தில் அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகளைத் தாய்மாமன் என்று பல தலைமுறை கட்டியிருக்கிறார்கள். அப்படிக் கட்டாதவர்களும் ஒரே சாதிக்குள், பெரும்பாலும் ஒரே பத்துப் பதினைந்து ஊருக்குள் பெண் எடுத்தவர்கள். விளைவு, உங்கள் சாதிக்காரர் யாரோடு ஒப்பிட்டாலும் 30, 40, சில நேரம் 60 சென்டிமார்கன்கூட வந்துவிடும். கம்பெனி அதைப் பார்த்து "மூன்றாம் நிலை உறவு" என்று போடும். உண்மையில் ஏழெட்டு வழியில் தூரத்து உறவு சிறுகச் சிறுகச் சேர்ந்த தொகையாக இருக்கும். அப்பாவின் பட்டியலில் முதலில் நிறையப் போவது இப்படிப்பட்ட பெயர்கள்தான்: வேலூர், ஆரணிப் பக்கத்திலிருந்து போய் நியூஜெர்சியிலும் லண்டனிலும் இருக்கிற சொந்த சாதிக்காரர்கள். அவர்களை முனுசாமி வம்சம் என்று எண்ணிவிடாதீர்கள்.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மொத்தத் தொகையைப் பார்க்காமல் மிக நீளமான ஒற்றைத் துண்டு எவ்வளவு என்று பாருங்கள். சமீபத்தில் பிரிந்த உறவென்றால் துண்டுகள் சில, ஆனால் நீளமானவை. 25, 35 சென்டிமார்கன் அளவில் ஒரு துண்டாவது பெரும்பாலும் இருக்கும். பழைய காலத்திலிருந்து வரும் சாதிப் பின்னணியென்றால் 8, 9, 11 என்று பொடித் துண்டுகள் பல சேர்ந்து 80-ஐத் தொடும். 7-க்குக் கீழே உள்ள துண்டுகளை நம் ஆட்கள் விஷயத்தில் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். அன்செஸ்ட்ரி என்ற சோதனை நிறுவனம் 90-க்குக் கீழுள்ள பொருத்தங்களில் இந்தப் பின்னணியைத் தானே கழித்துவிட்டுத் தொகையைக் காட்டும்; மற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் கழிக்காமல் அப்படியே காட்டும். அதனால் ஒரே ஜோடிக்கு இரண்டு இடத்தில் இரண்டு எண் வந்தால் பயப்படாதீர்கள். இதில் உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது. நேட்டாலில் கூலிகளாக இருந்தவர்கள் ஊர், சாதி, சில நேரம் மொழிகூடப் பார்க்க முடியாமல் தோட்டத்திலேயே கல்யாணம் செய்தார்கள். தமிழும் தெலுங்கும் கலந்த குடும்பங்கள் அங்கே சாதாரணம். அதனால் டர்பன்காரர் ஒருவரோடு வரும் 60 சென்டிமார்கன், நியூஜெர்சிக்காரரோடு வரும் 60-ஐவிடப் பெரும்பாலும் கனமானது.

வேறு கம்பெனியில் எடுத்த தரவை ஏற்றி ஒப்பிட்டுப் பார்க்கும் ஜெட்மேட்ச் என்ற தளத்தில் "பெற்றோர் உறவினரா" என்று சோதிக்கும் ஒரு கருவி உண்டு. உங்கள் தாத்தா அக்கா மகளைக் கட்டியிருந்தால், அப்பாவின் தரவைப் போட்டதும் அது பெரிய எண்ணாகக் காட்டும். அக்கா மகள்–தாய்மாமன் கல்யாணத்தில் பிறந்தவருக்கு டி.என்.ஏ.வில் எட்டில் ஒரு பங்கும், அத்தை மகன்–மாமன் மகள் கல்யாணத்தில் பிறந்தவருக்குப் பதினாறில் ஒரு பங்கும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்பது சராசரிக் கணக்கு. அமெரிக்கர்கள் அந்த முடிவைப் பார்த்து அதிர்ந்து போவார்கள். நமக்கு அது கல்யாணப் பத்திரிகையில் போட்ட செய்திதான்.

சரி, எந்தக் கம்பெனி? டர்பனில் உள்ளவர்கள் எதில் சோதித்தார்கள் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அவர்கள் எந்தப் பட்டியலில் இருக்கிறார்களோ அந்தப் பட்டியலில் உங்கள் அப்பாவும் இருந்தால்தான் சந்திப்பு நடக்கும். மிகப் பெரிய பட்டியல் அன்செஸ்ட்ரியுடையது, 2.5 கோடிப் பேருக்கு மேல். அங்கே வெளியில் எடுத்த தரவை ஏற்ற முடியாது; அவர்கள் கிட்டில்தான் எடுக்க வேண்டும். ஆனால் அங்கே எடுத்த தரவை இறக்கி ஜெட்மேட்ச், ஃபேமிலிட்ரீ டி.என்.ஏ. ஆகியவற்றில் ஏற்றலாம். ஆகவே உங்கள் முகவரிக்கு அன்செஸ்ட்ரி கிட் கிடைக்குமானால் அதுவே முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் மைஹெரிட்டேஜ் அல்லது ஃபேமிலிட்ரீ டி.என்.ஏ. எந்த நாட்டுக்கு விற்பது என்ற பட்டியலை இவர்கள் அடிக்கடி மாற்றுகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் பாருங்கள். உள்ளூரில் "வம்சாவளி டெஸ்ட்" என்று விற்கப்படுபவற்றிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: உறவினர் பொருத்தப் பட்டியல் தருவீர்களா? மூலத் தரவுக் கோப்பை இறக்கிக்கொள்ள விடுவீர்களா? இரண்டுக்கும் இல்லை என்றால் அது உங்கள் வேலைக்கு ஆகாது. வண்ண வரைபடம் மட்டும்தான் வரும்.

வண்ண வரைபடம் என்றதும் ஒரு வார்த்தை. "97 சதவீதம் தென்னிந்தியர்" என்று வரும் அந்தச் சதவீதங்கள் இந்தத் தேடலுக்கு எதுவும் செய்யாது. கண்டம் அளவில் அவை நம்பகமானவை. மாவட்ட அளவில் அல்ல. ஒப்பிடுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் மாதிரித் தொகுப்பு மாறும்போது, நீங்கள் மறுபடி துப்பாமலே உங்கள் சதவீதமும் மாறும். ஊரைச் சொல்லும் டி.என்.ஏ. சோதனை கிடையாது. சாதியைச் சொல்லும் சோதனையும் கிடையாது; டி.என்.ஏ.வை வைத்துத் தகப்பன் வழியைப் பிரிக்கும் குழுக்களான எச், எல், ஆர், ஜே ஆகிய எல்லாமே தமிழ்நாட்டில் பல சாதிகளுக்குள் பரவிக் கிடக்கின்றன.

மாதிரி எடுக்கும்போது சில கவனங்கள். துப்புகிற கிட் என்றால் அரை மணி நேரம் சாப்பாடு, தண்ணீர், பீடி, வெற்றிலை எதுவும் கூடாது. வெற்றிலை பாக்குப் போடுகிற பெரியவர் என்றால் காலையில் எழுந்து வாய் கொப்பளித்து அரை மணி கழித்து, முதல் வெற்றிலைக்கு முன் எடுப்பது நல்லது. குழாயில் கோடு வரை எச்சில் நிற்க வேண்டும். நுரை கணக்கில் சேராது. மூடியில் உள்ள திரவம் இறங்கிக் கலக்கும்படி நன்றாகக் குலுக்க வேண்டும், அதுதான் டி.என்.ஏ.வைக் கெடாமல் காக்கும். 78 வயதில் வாய் உலர்ந்திருந்தால் துப்புவது பெரும்பாடு. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்க்கும் கிட் அவருக்குச் சுலபம். மைஹெரிட்டேஜும் ஃபேமிலிட்ரீயும் அந்த வகை. இரண்டு பேரின் மாதிரியை ஒரே நாளில் எடுத்தால் குழாய் எண்ணை முதலில் அவரவர் பெயரில் பதிவு செய்துவிட்டுப் பிறகு எடுங்கள். அப்பா குழாயும் அத்தை குழாயும் மாறிப்போனால் பின்னால் கண்டுபிடிக்கும் வரை தலைவலி. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டவர் சோதிக்கக் கூடாது, கொடுத்தவரின் டி.என்.ஏ. கலந்து வரும்.

கிட் போய் வரும் சில வாரங்களைக் காகிதத்துக்குச் செலவிடுங்கள். என்னைக் கேட்டால் கிட்டுக்கு முன்பே இதைத் தொடங்க வேண்டும், ஏனென்றால் மலேயாவுக்கோ இலங்கைக்கோ கங்காணி மூலம் போனவர்களுக்கு இல்லாத ஒரு வசதி நேட்டாலுக்குப் போனவர்களுக்கு இருக்கிறது: கப்பல் பட்டியல். 1860 நவம்பர் 16-ல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் கரை சேர்ந்ததிலிருந்து 1911-ல் ஆளனுப்புவது நின்றது வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், கப்பல் பெயர், சில பட்டியல்களில் உடலில் உள்ள தழும்பு மச்சம் வரை எழுதியிருக்கிறார்கள். மூலப் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையம் இந்தத் துறைக்கே முக்கியமான இடம். முனுசாமியின் எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு வந்த கல்யாணப் பதிவு, இறப்புப் பதிவு, பாஸ் என்ற அனுமதிச் சீட்டு, வாரிசுக் கோப்பு எல்லாவற்றிலும் அந்த எண் ஒட்டிக்கொண்டே வரும். ஃபேமிலிசர்ச் தளத்தில் நேட்டால் இறப்புப் பதிவுகளை இலவசமாகப் பார்க்கலாம். தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் வாரிசுக் கோப்புகளைப் பெயர் போட்டுத் தேடலாம்.

தேடும்போது எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். எழுத்தர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள். முனுசாமி முன்சாமி ஆவார், மூன்சாமி ஆவார். 'ழ' இருக்கும் இடத்தில் 'ல'வோ 'ர'வோ கூட வரலாம். சோளிங்கர் ஷோலிங்கூர் ஆனதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் அப்போது வட ஆற்காடு ஜில்லா. இப்போதைய வேலூர், ராணிப்பேட்டை மாவட்டங்களும், திருவண்ணாமலை, திருப்பத்தூர் மாவட்டங்களின் சில பகுதிகளும், 1911-ல் பிரிந்துபோன சித்தூர் பக்கத்துத் தாலுகாக்களும் அதில் அடக்கம். எனவே ஜில்லா, தகப்பன் பெயர், வயது இந்த மூன்றையும் வைத்து வடிகட்டி, ஊர்ப் பெயரைக் கடைசியில் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பட்டியலில் சாதி வேறாக இருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டாம். கப்பலேறுமுன் தங்கவைத்த டிப்போவில் சாதியையும் பெயரையும் மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. தகப்பன் பெயரும் ஊரும் சேர்ந்து பொருந்தினால் அது கனமான சாட்சி; முனுசாமி என்ற பெயர் மட்டும் பொருந்தினால் சாட்சியே இல்லை, வட ஆற்காட்டில் அந்தப் பெயர் அவ்வளவு.

அங்கே பெயர்கள் எப்படித் திரிந்தன என்பதும் தேவைப்படும். நாம் தகப்பன் பெயரை முன்னெழுத்தாக வைக்கிறோம். அங்கே அதுவே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. ஆகவே முனுசாமியின் பேரப்பிள்ளைகள் இன்று மூன்சாமி என்ற குடும்பப் பெயரில் இருக்கலாம், அல்லது முனுசாமியின் தகப்பன் பெயரில் இருக்கலாம், அல்லது நாயுடு, பிள்ளை, மூட்லி (முதலி), கோவெண்டர் (கவுண்டர்), படையாச்சி என்று சாதிப்பட்டமாக இருக்கலாம். பொருத்தப் பட்டியலில் மூன்று வகையையும் கவனியுங்கள். அவர் அங்கேயே நிலைத்தார் என்பதும் உறுதியில்லை. 1895-ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தம் முடிந்தும் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் எழுதாமல் இருப்பவர்மீது ஆண்டுக்கு 3 பவுன் வரி போட்டது. 1914 வரை அது நீடித்தது. அதனால் திரும்பியவர்களும் உண்டு, திரும்பியும் ஊருக்கு வராமல் மதராஸில் தங்கியவர்களும் உண்டு.

இனி பங்காளிச் சோதனை. ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும், ஏறக்குறைய மாறாமல் போகும். நம் ஊரில் பங்காளி என்று யாரைச் சொல்கிறோமோ, ஒரே குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிற ஆண்வழியை, அது அப்படியே பின்தொடரும். டர்பனில் முனுசாமியின் மகன் வழிப் பேரன் ஒருவர் கிடைத்து, உங்கள் அப்பாவும் அவரும் ஃபேமிலிட்ரீயில் 37 அல்லது 111 குறிகள் (ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்கள்) கொண்ட ஒய் சோதனை எடுத்தால், பொருந்தியே ஆக வேண்டும். ஒன்றிரண்டு குறி மாறலாம். பொருந்தவில்லை என்றால் ஆண்வழியில் எங்கோ தொடர்ச்சி அறுந்திருக்கிறது என்பது உறுதி. பொருந்தினால் மட்டும் உறுதியாகாது: நூறு வருடத்துக்கு முன் பிரிந்த பங்காளியும் ஐந்நூறு வருடத்துக்கு முன் பிரிந்த பங்காளியும் 37 குறியில் ஒரே மாதிரி தெரியக்கூடும். எவ்வளவு அருகில் என்பதை மேலே சொன்ன சென்டிமார்கன்தான் சொல்லும். இரண்டும் சேர்ந்து, கப்பல் பட்டியல் ஊரும் பொருந்தினால் மூன்று கால் உள்ள முக்காலி. தொடக்கத்திலேயே ஒய் சோதனைக்குக் காசு கட்டாதீர்கள். ஆள் கிடைத்த பிறகு கட்டினால் போதும்.

அப்பாவின் முடிவு வந்ததும் செய்ய வேண்டியது: தென்னாப்பிரிக்க முகவரியோ மேலே சொன்ன வகைக் குடும்பப் பெயரோ உள்ள பொருத்தங்களைத் தனியாகக் குறியுங்கள். ஒவ்வொன்றும் அத்தைக்கும் பொருந்துகிறதா பாருங்கள். பிறகு மூன்றாவது கிட், அப்பாவின் தாய்வழி உறவினருடையது. அவருக்கும் பொருந்துகிறவர்கள் பாட்டி பக்கமாக இருக்கக்கூடும். அவருக்குப் பொருந்தாமல் அப்பாவுக்கும் அத்தைக்கும் மட்டும் பொருந்துகிறவர்களை முதலில் பின்தொடருங்கள். பாட்டியும் தாத்தாவும் ஏற்கனவே உறவு என்றால் இந்தச் சல்லடையில் ஓட்டை விழும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருத்தமும் இல்லையென்றால் முனுசாமிக்கு வம்சம் இல்லை என்று பொருள் அல்ல. வம்சத்தில் யாரும் இன்னும் துப்பவில்லை என்றும் இருக்கலாம். அப்போது கப்பல் பட்டியல், இறப்புப் பதிவு வழியாக ஆளைக் கண்டுபிடித்து, அவர் சம்மதித்தால் அவருக்கு ஒரு கிட் வாங்கிக் கொடுப்பதுதான் வழி. பெரும்பாலும் இந்த வழிதான் பலிக்கிறது.

அப்பாவிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். கேட்காத உறவும் வரக்கூடும்: யாருக்கும் தெரியாத ஒரு தம்பியோ, தாத்தா உண்மையில் தாத்தா இல்லை என்பதோ. 1,700 அளவில் முன்பின் தெரியாத பெயர் வந்தால் அது நெருங்கிய உறவு, பிழையாக இருக்காது. இரண்டாவது, தரவு வெளியே போகும். 2023-ல் 23அண்ட்மீ என்ற டி.என்.ஏ. சோதனை நிறுவனத்தில் சுமார் 14,000 கணக்குகளின் கடவுச்சொல்லைக் கொண்டு உள்ளே நுழைந்தவர்கள், உறவினர் பட்டியல் வழியாக 69 லட்சம் பேரின் விவரத்தை எடுத்தார்கள். அதே நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்துக் கைமாறியது. ஜெட்மேட்ச் தரவைக் கொண்டு 2018-ல் கலிபோர்னியா போலீஸ் ஒரு பழைய தொடர் கொலையாளியைப் பிடித்தார்கள். இப்போது போலீஸ் பார்க்கலாமா கூடாதா என்று ஏற்றும்போதே நீங்கள் தேர்வு செய்யலாம். கடவுச்சொல் வேறெங்கும் பயன்படுத்தாததாக இருக்கட்டும், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள்.

டர்பன்காரருக்கு முதல் கடிதம் ஆங்கிலத்தில் எழுதுங்கள். அங்கே பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களின் வீட்டுமொழி இப்போது அதுதான். ஐந்தாறு வரி போதும்: எத்தனை சென்டிமார்கன், யாருடைய கிட், முனுசாமி என்ற பெயர், ஏறக்குறைய எந்த ஆண்டு, வட ஆற்காடு. பல பேர் மாதக்கணக்கில் தளத்துக்குள் நுழையவே மாட்டார்கள், பதில் தாமதமானால் விட்டுவிடாதீர்கள். ஊர்ப் பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் மட்டும் முதல் கடிதத்தில் எழுத வேண்டாம். அவர்கள் வீட்டில் எந்தச் சாமி கும்பிடுகிறார்கள், பெரியவர்கள் எந்த ஊர் சொல்வார்கள் என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருங்கள். நீங்கள் சொல்லாமல் அவர்களே சொன்னால்தான் அது சாட்சி.